தீயும் தூசியும்

1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை மின்னணுக் கருவிகளில் டிஸ்கோ தாளத்துக்கு வாசித்து இசைத்தட்டாக்கினார். நாடு செவிசாய்க்கவில்லை. 2010-இல் ஒல்லாந்து நாட்டு நிறுவனமொன்று அதை மறுபதிப்புச் செய்த பின்னரே அவர் முன்னோடியென்று போற்றப்பட்டார். அந்நியன் முத்திரை குத்தினால்தான் நம் கலைஞன் கலைஞனா?

பம்பாய்க் கதைதானே என்று யாழ்ப்பாணத்தார் நகைக்க வேண்டாம். 1975-இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை நம் பாடசாலைகளில் எத்தனை மாணவர் கேட்டிருக்கின்றனர்? 1981-இல் யாழ் நூலகத்தை எரித்தவர்கள் பிறர். வீட்டுப் பரண்களில் ஒலிநாடாக்களைப் பூஞ்சணத்துக்கு இரையாக்குவோர் நாமே!

ஆசிரியர்களே, மாணவர்களே! அந்நாடாக்களைத் திரட்டுங்கள், படியெடுங்கள், பொது நூலகத்தில் சேருங்கள். மறுபதிப்பின் வருவாயில் கலைஞன் குடும்பத்துக்குரிய பங்கைக் கேளுங்கள். கலை மக்களின் சொத்து. வணிகன் தோண்டியெடுக்கும் புதையலன்று.