புறநோயாளர் சீட்டில் விடுபடும் ஒரு வரி

காரைக்குடி வட்டாரத்தில் ஐம்பதை ஒட்டிய பெண்கள் தோல் மருத்துவரிடம் சொல்லும் அரிப்பும் வறட்சியும் எரிச்சலும் ‘உடம்புச் சூடு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவதுண்டு. கோடை வெயில் நாற்பது பாகையைத் தொடும் சீமையில் அந்த விளக்கம் நோயாளிக்கும் மருத்துவருக்கும் ஒருங்கே வசதியாக அமைவதால், மாதவிலக்கு எந்த ஆண்டு நின்றது என்ற வரி சீட்டில் ஏறாமலே போகிறது.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதிருப்பதையே மருத்துவம் மாதவிடாய் நிறைவு என்கிறது. மேலை நாடுகளில் அது சராசரியாக 51 வயதில் நிகழ, இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அயல்நாட்டுப் பாடநூலின் வயதுக் கணக்கை மனத்தில் கொண்டு காத்திருப்பவர் சில ஆண்டுகளைத் தவறவிடுகிறார். அவை தோலுக்கு முக்கியமான ஆண்டுகள். தோலின் மேலடுக்குச் செல்களிலும், கொலாஜன் என்னும் தாங்குபுரதத்தை நெய்யும் நார்ச்செல்களிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருப்பதால், சினைப்பையிலிருந்து அந்த ஹார்மோனின் வரத்து குறையும்போது தோல் மெலிகிறது, நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது, சிறு காயமும் ஆறத் தாமதிக்கிறது. நிறைவுக்குப் பிந்தைய முதல் ஐந்தாண்டுகளில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 விழுக்காடும், அதன்பின் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடும் குறைவதாக மேலை நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

நிறைவை ஒட்டித் திடீரென உடல் கொதித்தெழும் வெப்பப் பொங்கலின்போது முகத்தில் படரும் சிவப்பு மாநிறத் தோலில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதால், அதைப் பார்த்து அறிய இயலாது, கேட்டுத்தான் அறிய வேண்டும். கர்ப்பப்பை எடுத்தவர்களிடம் இன்னும் கவனம் தேவை: சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தால் மாற்றம் ஒரே நாளில் தொடங்கியிருக்கும், விட்டுவைக்கப்பட்டிருந்தாலோ, அவை எப்போது ஓய்ந்தன என்பதைக் காட்ட மாதவிலக்கு என்ற அடையாளமே இல்லை. அரிப்பு உடல் முழுதும் இருந்தால் சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துவிடுவது எப்படியும் கடமை.

சூட்டைத் தணிக்கச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் ஒதுக்கித் தள்ளுவது சரியன்று. நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 விழுக்காடு இருக்கும் லினோலிக் அமிலம் தோலின் நீர்காப்புப் படலத்துக்கு உரிய பொருளே. கோளாறு குளியலின் பிற்பகுதியில் இருக்கிறது. ஊறிய எண்ணெயைச் சீயக்காயும் சோப்பும் வெந்நீரும் சேர்ந்து துடைத்தெடுக்கின்றன. தோலின் இயல்பான காரகாடித்தன்மை (pH) 5 அளவில் இருக்க, சோப்புக் கட்டியினுடையது 9 முதல் 10 வரை இருக்கிறது. ஊருணித் தண்ணீரை விட்டு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீருக்கு மாறிய வீடுகளில், நுரை வராததால் சோப்பு இன்னும் கூடுதலாகவே செலவாகும். வழக்கத்தை நிறுத்தச் சொல்வதைக் காட்டிலும் வரிசையை மாற்றச் சொல்வது பலிக்கும்: வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் முழுதும் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாஸலினோ கை கால்களில் தடவிக்கொள்வதற்குப் பெரிய செலவுமில்லை.

சொல்லக் கூசும் இடத்து அரிப்பே இவற்றுள் மிகவும் புறக்கணிக்கப்படுவது. ஈஸ்ட்ரோஜன் குறைவால் பிறப்புறுப்பில் ஏற்படும் வறட்சியும் எரிச்சலும் ஒருபுறமிருக்க, தோல் வெளுத்து, காகிதம்போல் சுருங்கி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற அழற்சியும் இந்த வயதில் வருகிறது. பார்க்காமலே படர்தாமரை என்றும், பார்த்தும் வெண்புள்ளி என்றும் எண்ணி விடப்படும் இந்நோயாளிகளுள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களிடம் அது புற்றாக மாறக்கூடும். இதற்கு முதல் மருந்து குளோபிட்டாசோல் 0.05 விழுக்காட்டுக் களிம்பு. ஒரு மாதம் இரவுதோறும், பிறகு படிப்படியாகக் குறைத்து, மொத்தம் மூன்று மாதங்கள். மங்கு போக்கவென்று முகத்தில் பூசப்பட்டு எத்தனையோ முகங்களைக் கெடுத்த அதே ஸ்டீராய்டு வகை இங்கு காக்கும் மருந்தாகிறது. வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை 2018இல் அரசு அட்டவணை எச்-இன்கீழ் கொண்டுவந்த பின்னும் கூட்டுக் களிம்புகள் சீட்டின்றிக் கைமாறுவது எல்லோரும் அறிந்ததே. எனவே எந்த இடத்தில், எந்த அளவில், எத்தனை நாள் என்பதை நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்காத மருத்துவர் பாதி மருத்துவமே செய்கிறார்.

ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை தோலுக்கு ஓரளவு நன்மை தருவது உண்மையென்றாலும், தோலுக்காக மட்டும் அதைத் தொடங்குவது ஏற்கத்தக்கதன்று. வெப்பப் பொங்கல் வாட்டும் பெண்ணுக்கு அதன் நன்மை தீமைகளை மகப்பேறு மருத்துவரோடு கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

மாதவிலக்கை ‘வீட்டுக்குத் தூரம்’ என்று மறைத்தே சொல்லிப் பழகிய தலைமுறையிடம், திரையில்லாத அறையில், கூட வந்த மகன் அருகே நிற்க, கீழே அரிப்பு உண்டா என்று கேட்டால் இல்லை என்ற விடையே வரும். மகனை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, செவிலியர் முதலில் ‘ஆச்சி, தூரம் நின்று எத்தனை வருடமாச்சு?’ என்று தொடங்கினால், அடுத்த கேள்விக்கு வழி பிறக்கும்.