பக்கத்துப் போனிலிருந்து வரும் வினை

டேட்டா என்றால் காசு. அதனால் வன்னியில் பாட்டும் படமும் கேமும் போனுக்குப் போன்தான் கைமாறும். யுத்தம் முடிந்து போன் கோபுரங்கள் எழுந்த காலத்தில் புளூடூத், பிறகு ஷெயாரிட் செயலி. வவுனியாவில் பஸ் ஏறினால், முறிகண்டி வருவதற்குள் பின்சீட்டுப் பெடியள் ஒரு முழுப் படத்தையே மாற்றி முடித்துவிடுவார்கள். அதில் பிழையில்லை. ஆனால் கோப்போடு வேறொன்றும் சேர்ந்து ஏறலாம்.

2004 ஜூனில் வெளிப்பட்டது ‘கபீர்’. புளூடூத் வழியே போனுக்குப் போன் தாவிய முதல் கிருமி அது. நோக்கியா போன்ற சிம்பியன் போன்களைப் பிடித்தது. பிடிபட்ட போன், பத்து மீற்றர் அளவுக்குள் புளூடூத் திறந்திருக்கும் இன்னொரு போனைத் தேடி, ‘கோப்பு வருகிறது, வாங்கவா?’ என்று கேட்கும். மறுத்தால் திரும்பவும் கேட்கும். அரியண்டம் தாங்காமல் ‘ஓம்’ என்று அழுத்தினவர்களிடம்தான் அது ஒட்டியது. 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் உலகத் தடகளப் போட்டி பார்க்கக் கூடிய சனத்துக்குள் பரவியதும் அப்படித்தான். அது பற்றரியை மட்டும் தின்றது. அதே ஆண்டு வந்த ‘கொம்வொரியர்’ எம்எம்எஸ் வழியாகவும் போய்க் காசையும் தின்றது.

கேளாமல் நுழையும் வழியும் உண்டு. 2017 செப்டெம்பரில் ஆர்மிஸ் நிறுவனம் வெளிப்படுத்திய ‘புளூபோர்ன்’ ஓட்டைகளுக்கு, புளூடூத் திறந்திருந்தாலே போதும். யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை. ஆண்ட்ரொய்ட் போன்களில் கூகுள் அந்த ஓட்டைகளை அடைத்தது. ஆனால் அப்டேட் நின்றுபோன பழைய போனுக்கு அந்த அடைப்பு வந்து சேராது. இரண்டாம் கையாகப் போன் வாங்குவோர் விலையைக் கேட்கும்போது இதையும் கேட்க வேண்டும்.

என்றாலும் இன்றைக்குப் பெரிய ஆபத்து, கைமாறும் ஏபிகே கோப்புகள்தான், அதாவது செயலியை நிறுவும் கோப்புகள். பிளே ஸ்டோரின் சோதனையைத் தாண்டாத செயலியைச் சிநேகிதன் அனுப்புகிறான், நம்பி இறக்குகிறோம். சிநேகிதன் நல்லவன்தான், அவனுக்கு அதை அனுப்பியது யார்? ஷெயாரிட் செயலியிலேயே ஓட்டைகள் இருப்பதாக 2021 பெப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ எச்சரித்தது. கெட்ட செயலிகள் பலவும் கேட்பது குறுந்தகவல் படிக்கும் அனுமதி. வெளிநாட்டுக் காசு கணக்கில் விழுந்த செய்தியும், வங்கியின் ஓடிபியும் வருவது அதே போனுக்குத்தான்.

ஆகவே பிள்ளைகளே, பாட்டை மாற்றுங்கள், படத்தை மாற்றுங்கள்; ஏபிகேயை மாற்றாதீர்கள். வேலை முடிந்ததும் புளூடூத்தை மூடுங்கள். ‘தெரியாத செயலிகளை நிறுவ’ என்ற அனுமதியை நிறுத்தி வையுங்கள். அம்மம்மாவின் போனிலும் அதைச் செய்துவிடுங்கள். காசு வருவது பெரும்பாலும் அவவின் போனுக்குத்தான்.