அந்தப் பூச்சிக்கு ஒரு பெயர் இருக்கிறது

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு கவிதை எழுதினேன். சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமானுக்குப் பின்னால் உள்ள லோரோங்கில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தேன். கைப்பேசியில் படம் பிடித்துத் தேடியதில் அது இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த இனம் என்று தெரிந்தது. அவ்வளவுதான், எனக்குள் இருந்த கவிஞன் விழித்துக்கொண்டான். கடல் கடந்து வந்த சிறகு, கடவுச்சீட்டு இல்லாத பயணி, என் பாட்டனின் ஆவி என்று இருபத்துநான்கு வரிகள். ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசித்தேன். நல்ல கைத்தட்டல். ‘புலம்பெயர் வலியின் உச்சம்’ என்றார் ஒருவர்.

கூட்டம் முடிந்து நெஸ்காபி குடித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். முப்பது வருடம் பால்மரம் சீவியவர்.

“தம்பி, அந்தப் பூச்சி எந்தச் செடியில உக்காந்துச்சு?”

தெரியவில்லை. பார்க்கவில்லை.

“வாடை அடிக்குமே, காயைச் சுத்தி வலை பின்னுன மாதிரி இருக்குமே, அந்தக் கொடியில வர்ற பூச்சிதான் அது. நாங்க சின்னப்புள்ளையா இருக்கும்போது கொடி இருந்துச்சு, பழம் பறிச்சித் தின்போம். ஆனா பூச்சி கிடையாது. இது பொறவு வந்தது.”

அவர் சொன்ன மூன்று வரியில் இருந்த செய்தி என் இருபத்துநான்கு வரியில் இல்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். வெட்கம் எனக்கு மட்டுமே உரியது என்றும் நான் நினைக்கவில்லை.

முதலில் பூச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் டானி கோஸ்டர். அறிவியல் பெயர் அக்ரேயா டெர்ப்சிகோரி. மங்கிய ஆரஞ்சு நிறச் சிறகு, கறுப்புப் புள்ளிகள், பின்சிறகின் ஓரத்தில் கறுப்புப் பட்டை, அதில் வெள்ளைப் பொட்டுகள். மெதுவாகத் தத்தித் தத்திப் பறக்கும். பறவைக்குப் பயந்து ஓட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பிடித்தால் மஞ்சளாக ஒரு திரவத்தைக் கசியவிடும், வாயில் வைக்க முடியாது. அதன் புழு தின்னும் கொடிகளில் ஒன்று நாம் சிறுபூனைக்காலி என்றும் மலாய்க்காரர்கள் லெத்தூப்-லெத்தூப் என்றும் சொல்லும் கொடி. அந்த அம்மா சொன்ன வலைக்காய்க் கொடி அதுதான். அந்தக் கொடியும் இந்த மண்ணுடையது அல்ல, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த களை.

இந்தப் பூச்சி 1980-களில் தாய்லாந்தில் பதிவானது. 1990-களில் தீபகற்ப மலேசியாவுக்கு வந்தது. 2006-இல் சிங்கப்பூர். பிறகு இந்தோனேசியத் தீவுகள் வழியாக இறங்கி 2012-இல் ஆஸ்திரேலியாவின் வடக்கில் உள்ள டார்வின் பகுதியில் தென்பட்டது. முப்பது ஆண்டுக்குள் இவ்வளவு தூரம். அந்த அம்மாவின் “பொறவு வந்தது” என்ற வாக்கியம் இந்தக் காலவரிசையோடு அப்படியே பொருந்துகிறது. அவர் எந்தக் கட்டுரையும் படித்ததில்லை. கொடியைப் பார்த்திருக்கிறார், அதில் பூச்சி இல்லாததையும் பார்த்திருக்கிறார். இல்லாததைக் கவனிப்பதற்கு ஓர் இடத்தில் பல வருடம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது நம் எழுத்துக்கு வருவோம்.

எதிர்பாராத இடத்தில் ஓர் அரிய வண்ணத்துப்பூச்சி வந்தால் நாம் இரண்டு காரியம் செய்கிறோம். ஒன்று, அதிசயம் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் பகிர்கிறோம். இரண்டு, அதை நம்மைப் பற்றிய உருவகமாக மாற்றுகிறோம். இரண்டிலும் பூச்சி காணாமல் போய்விடுகிறது.

முதலில் ‘அரிய’ என்ற சொல். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த ஸ்டீவன் கோர்பெட் என்ற வேதியியலாளருக்கு வண்ணத்துப்பூச்சிப் பித்து. பெண்டில்பரி என்பவருடன் சேர்ந்து மலாய்த் தீபகற்பத்தின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றி அவர் எழுதிய நூல் 1934-இல் வந்தது. அவர் சேகரித்த பட்டியலில் ஒரு விசித்திரம் இருந்தது. 118 இனங்களில் ஆளுக்கு ஒரே ஒரு பூச்சிதான் சிக்கியிருந்தது. 74 இனங்களில் இரண்டிரண்டு. இன்னும் அதே அளவு காலம் தேடினால் எத்தனை புதிய இனம் கிடைக்கும் என்ற கேள்வி புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷரிடம் போனது. ஏறக்குறைய 75 என்பது கணக்கில் வந்த விடை. அந்த ஆய்வு 1943-இல் வெளியானது. இன்றும் சூழலியல் மாணவர்கள் படிக்கும் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று. ரப்பர் நாட்டில் வலையோடு அலைந்த ஒருவரின் பட்டியலிலிருந்து பிறந்தது அது.

கதை இதோடு முடியவில்லை. 1976-இல் எஃப்ரான், திஸ்டெட் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதே வழியை ஷேக்ஸ்பியருக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அவர் எழுதியவற்றில் 31,534 வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. அவற்றில் 14,376 சொற்கள் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. அப்படியானால் அவருக்குத் தெரிந்தும் எழுதாமல் விட்ட சொற்கள் எத்தனை? குறைந்தது 35,000 என்றார்கள். மலாயாப் பூச்சிக் கணக்கு ஒரு கவிஞனின் சொல் கணக்கானது.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான். ‘அரிது’ என்பது பூச்சியின் குணம் மட்டுமல்ல. நாம் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதன் அளவும்கூட. ஒருநாள் கைப்பேசியோடு லோரோங்கில் நடந்தவனுக்கு எல்லாமே அரிதுதான். நான் ‘அபூர்வ வரவு’ என்று கவிதையில் குறித்த டானி கோஸ்டர் அப்போதே எங்கள் ஊரில் லாலாங் மண்டிய காலி மனைகளில் சாதாரணமாகப் பறந்துகொண்டிருந்தது. அபூர்வமாக இருந்தது என் பார்வை.

இரண்டாவது குற்றம் இன்னும் பெரியது.

‘பூச்சிக்கு எல்லை இல்லை, மனிதனுக்கு மட்டும் ஏன்’ என்று எழுதுகிறோம். நம்மை ‘பெண்டாத்தாங்’ என்று அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைக்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டானி கோஸ்டரை யாரும் கூட்டி வரவில்லை. திறந்த வெளியில் வாழும் பூச்சி அது. அடர்ந்த காடு அதற்குத் தடை. காடு வெட்டப்பட்டு, சாலையோரமும் தரிசும் பெருகி, அங்கே களைக்கொடி படர்ந்ததும் அதற்குப் பாதை கிடைத்தது. காடழிப்பு இதற்குத் துணைபோயிருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் பாட்டன்மார் அப்படியா வந்தார்கள்? அவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தது, கங்காணி இருந்தார், கடன் இருந்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று அதற்காகவே ஒரு சட்ட ஏற்பாடு இருந்தது. 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை ஆள்சேர்ப்பு நடந்தது. யாரோ ஒருவர் கணக்குப் போட்டு, கப்பல் கட்டணம் கொடுத்து, லாபம் பார்த்த வரலாறு அது. அதைச் சிறகடித்து வந்ததாக எழுதினால் கணக்குப் போட்டவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இயற்கையை வைத்து நம் குடியுரிமையை நியாயப்படுத்தினால் எதிராளியும் அதே இயற்கையை எடுப்பான். அயல் இனம், ஆக்கிரமிப்பு உயிரி, மண்ணின் உயிர்களை அழிப்பது என்று அவனுக்கும் உதாரணங்கள் கிடைக்கும், அதுவும் நம்முடையதைவிட அதிகமாகவே. நான் இந்த நாட்டுக்காரன் என்பதற்குச் சட்டமும் உழைப்பும் வரலாறும் இருக்கின்றன. அதற்கு ஒரு பூச்சியைச் சாட்சிக்கு அழைப்பது நம் வழக்கை நாமே பலவீனப்படுத்துவது.

“கவிதை என்ன விலங்கியல் பாடமா ப்ரோ?” என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை, கவிதை விலங்கியல் இல்லை. ஆனால் திணை, கருப்பொருள் என்று மேடைக்கு மேடை முழங்குவது நாம்தானே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொன்னார் என்று பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகளை ஒப்பிக்க வைப்பதும் நாம்தான். கபிலர் ‘பூக்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அந்தப் பெருமையைப் பேசிவிட்டு, பினாங்கு முதல் ஜோகூர் வரை பறக்கும் அத்தனையையும் ‘வண்ணத்துப்பூச்சி’ என்ற ஒரே டப்பாவில் அடைக்கிறோம். கேமரன் மலைச் சாலையில் கண்ணாடிச் சட்டத்தில் பூச்சியைக் குத்தி விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். நம் கவிதைகள் பலவும் அந்தச் சட்டங்கள்தான். சட்டத்தில் இருப்பது நிஜப் பூச்சி என்பதால் அந்த வியாபாரி நம்மைவிட ஒரு படி மேல்.

உருவகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்கிறேன். தெரிந்தால் உருவகமும் மாறும். டானி கோஸ்டரை இன்று நான் எழுதினால் பாட்டனின் ஆவி அதில் வராது. அமெரிக்கக் களையைத் தின்று, வெட்டப்பட்ட காட்டின் ஓரத்தில் பெருகும் இந்தியப் பூச்சி என்று எழுதுவேன். அது அழகான செய்தி அல்ல. அது பெருகும் இடத்தில் எது குறைந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். காட்டு நிழலைவிட்டு வெளியே வராத எத்தனையோ பூச்சிகள் அதே காலத்தில் பின்வாங்கியிருக்கின்றன. அவற்றுக்கு நாம் இரங்கற்பா எழுதவில்லை, ஏனென்றால் அவை இருந்ததே நமக்குத் தெரியாது.

உண்மையில் என்னை உறுத்துவது வேறு. அந்த அம்மாவைப்போலத் தோட்டத்தில் வளர்ந்து, செடியும் பூச்சியும் பாம்பும் பெயரோடு தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. பால்மரக்காடு செம்பனையாகி, செம்பனை தாமானாகிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்ததை எழுதி வைக்க ஆளில்லை. தோட்ட வாழ்வைப் பற்றி நாம் எழுதிக் குவித்த கதைகளில் லயமும் கள்ளும் கங்காணியும் இருக்கின்றன. எந்த மாதத்தில் எந்தக் கொடி பூத்தது என்பது அநேகமாக இல்லை. அவர்களிடம் கண்ணீர்க்கதை மட்டும் கேட்டோம். அவர்கள் அறிவாளிகள் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கவிதையை என் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். போன மாதம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பின்பக்கக் கம்பிவேலியில் சிறுபூனைக்காலி படர்ந்திருந்தது. இலையைத் திருப்பிக் காட்டினார். முள்முள்ளாகச் செம்பழுப்பு நிறப் புழுக்கள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். “தொடாதீங்க தம்பி, பாருங்க” என்றார். ஒரு மணி நேரம் இருந்தேன். அவர் சொன்ன பதினேழு செடிப் பெயர்களைக் குறித்துக்கொண்டேன். அதில் ஆறு நான் கேள்விப்படாதவை.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். அடுத்த கவிதைக்கு முன்னால் அவரிடம் போய் உட்காருங்கள்.