முதல் எழுத்தோடு நிறுத்தாதீங்க!

வால்வு ஆம்ப் கட்ட ஆசைப்படுற நம்ம பசங்க இ.சி.எல்.86 தேடி அலையுறாங்க. பழைய டிவியில் கழற்றின பி.சி.எல்.86 கையில் கிடைத்தாலோ, "இது டிவி வால்வு மச்சி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது தப்பு.

ஐரோப்பிய வால்வுப் பெயரின் முதல் எழுத்து ஹீட்டரை மட்டும்தான் சொல்கிறது. 'இ' என்றால் 6.3 வோல்ட், 'பி' என்றால் 300 மில்லி ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் செலவை மிச்சம் பிடிக்க, டிவியில் எல்லா ஹீட்டரையும் சீரியல் செட் பல்பு மாதிரி வரிசையாகக் கோத்தார்கள். மற்றபடி உள்ளே அதே ட்ரையோடு, அதே பென்டோடு. டிவியிலும் அதன் வேலை ஸ்பீக்கரை ஓட்டுவதுதான்! டேட்டாஷீட் பார்த்து ஹீட்டருக்குச் சரியான சப்ளை கொடுங்க; ஒரே வால்வில் சுமார் 4 வாட் கிடைக்கும்.

4 வாட்டான்னு சிரிக்காதீங்க, ஹாஸ்டல் ரூமுக்குத் தாராளம். ஐ.சி.க்குள் ஒளிந்திருக்கும் பயாஸை இங்கே மீட்டர் வைத்தே அளக்கலாம். ஆனால் 250 வோல்ட் விளையாட்டில்லை. ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். டிஸ்சார்ஜ் பண்ணாமல் கை வைக்காதீங்க.

அடுத்த தடவை காயலான் கடையில் பழைய டிவி கண்டால், வால்வின் மீதி எழுத்துகளையும் படிங்க.