பன்னிரண்டாவது இதழ்

சொந்தப் பத்திரிகை ஆசை இல்லாத எழுத்தாளர் அபூர்வம். முதல் இதழ் சுலபம். ஆசையே அதை அச்சேற்றிவிடும். பன்னிரண்டாவது இதழுக்குத்தான் வேறு சரக்கு வேண்டும்.

1903 ஜூனில் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' நல்ல பாடம். ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. நஷ்டத்தை ஈடுகட்ட காந்தி ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுன் அனுப்ப வேண்டியிருந்தது. 1904இல் அச்சகத்தை ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றினார். 1906இல் தமிழ், இந்திப் பக்கங்கள் நின்றன. சரியான ஆள் இல்லாமல் ஒப்புக்கு நடத்துவது ஏமாற்று என்று அவருக்குப் பட்டது. பின்னர் விளம்பரங்களையும் நிறுத்தி, சந்தாதாரர்களையே நம்பினார். உச்சத்தில் அவர்கள் 3,500 பேர்.

தொடங்குபவர்களுக்கு இரண்டே கேள்விகள். யாருக்காக எழுதுகிறோம்? எத்தனை பக்கங்களை ஒழுங்காக நிரப்ப முடியும்? எட்டுதான் முடியும் என்றால் பதினாறு வேண்டாம்.

ஆனால், ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அரைகுறைப் பக்கத்தை மூடுவது நேர்மைதான். மூடிய பக்கத்துக்கும் வாசகர்கள் இருந்தார்கள். எனவே முதலில் ஆளைத் தேடுங்கள். அறிவிப்பு அப்புறம் வரட்டும்.