அறிகுறி இல்லாத தொற்று: நோயாளி சொல்லாவிட்டால் அரசும் கேட்காதா?

சிறுமலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இளைஞர் ஒருவருக்குச் சிறுநீர் கழிக்கையில் இலேசாக எரிந்தால், அதற்கு நம் மக்களிடையே ஒரே பெயர்தான்: சூடு. இளநீரும் மோரும் குடிப்பார், எரிச்சல் அடங்கும். தொற்று அடங்கியிராது.

வெட்டை எனப்படும் கொனோரியா ஆண்களிடம் பெரும்பாலும் சீழாக வெளிப்பட்டுவிடும். கிளமிடியா அப்படியன்று. அத்தொற்றுள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், பெண்களில் அதனினும் கூடுதலானோருக்கும் எந்த அறிகுறியும் இராது. இருந்தாலும் காலையில் ஒரு துளிப் பிசுபிசுப்பு, உள்ளாடையில் சிறு கறை, துவாரத்தில் அரிப்பு, அவ்வளவே. ஆணுறையின்றிப் புதியவரோடு உறவு கொண்டவரும், இணைக்குத் தொற்று என அறிந்தவரும் அறிகுறிக்காகக் காத்திராமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரமேனும் சிறுநீர் கழிக்காதிருந்து, பின் முதலில் வரும் சிறுநீரைக் குப்பியில் பிடித்துத் தந்தால் போதும். மூலக்கூறுப் பரிசோதனை கிருமியின் மரபணுவைக் காட்டிவிடும்.

ஆனால் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நெடுங்காலமாக அறிகுறியை வைத்தே மருந்து தருகிறது. சீழ் வடிகிறது என்று சொல்பவருக்கு அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் அடங்கிய சாம்பல் நிறப் பொட்டலம். ஆய்வகமில்லாத இடங்களில் இம்முறை பலரைக் காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் சொல்ல ஏதுமில்லாதவர் இக்கணக்கிலேயே இல்லை. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை உண்டு. கிளமிடியாவுக்கு வழக்கமாக இல்லை. கணவர் தந்த தொற்று கருக்குழாயை அடைத்தாலும் 'மலடி' என்னும் வசை மனைவிக்கே.

மலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். அங்கே வரிசையில், பலர் காதுபட, அந்தரங்கக் கேள்விகள். சாதியையும் ஒழுக்கத்தையும் முடிச்சுப் போடும் சமூகத்தில் தலித் பெண்ணுக்கு இந்நோயின் பெயரே குற்றச்சாட்டாகிவிடுகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒப்புதலையும் இரகசியத்தையும் சட்டக் கடமையாக்கியது. பிற பால்வினைத் தொற்றுகளுக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை.

மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில், 1996இல், அரசு மருத்துவமனை உரிய சிகிச்சை தர மறுப்பது 21ஆம் உறுப்புக்கு எதிரானது, நிதியின்மை காரணமாகாது என்றது உச்ச நீதிமன்றம். அது அவசரச் சிகிச்சை பற்றிய தீர்ப்பு. அதை நோயறியும் உரிமைக்கும் நீட்ட வேண்டும் என்பது நம் வாதம்.

வழியும் புதிதன்று. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. மாத்திரை மலையேறும் அதே வழியில், பெயரெழுதாமல் எண் மட்டும் ஒட்டிய சிறுநீர்க் குப்பி திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கு இறங்கட்டும். முடிவு வந்ததும் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கிடைக்கட்டும்.