வீடியோவில் தெரியாத ஆள்

போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். எட்டு வயதுப் பையன். அவன் உயரத்தில் முக்கால்வாசி இருக்கும் எலக்ட்ரிக் கிட்டார். விரல்கள் எங்கே போகின்றன என்று கண்ணால் பின்தொடர முடியாத வேகம். கீழே நண்பர் எழுதியிருந்தார்: “இவனுக்கு வாத்தியாரே கிடையாதாம் தல. எல்லாம் யூடியூப். நாமெல்லாம் என்னத்தக் கிழிச்சோம்?”

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. நண்பரைத் திட்டும் நோக்கமில்லை. நானும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒரு தப்புச் செய்தவன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கட்டடக் கம்பி உருட்டும் ஆலை. கிட்டார் சுமாராக வாசிப்பேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகுதான் கற்கவே தொடங்கினேன். ஜஸ்டின் சாண்டர்கோ என்ற ஆஸ்திரேலியர் 2003லிருந்து இணையத்தில் காசு வாங்காமல் பாடம் போடுகிறார். ஜி, சி, டி மூன்று கார்டுகளையும் அந்த மனிதர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பொன்னேரி தாண்டி வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே பாடம் கேட்பேன். ஆகவே இணையத்துக்கு எதிராக நான் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இணையம் இல்லையென்றால் எனக்குக் கிட்டாரே இல்லை.

என் சண்டை வேறு. ‘எல்லாம் யூடியூபில் இருக்கிறது, கற்காதது உன் சோம்பேறித்தனம்’ என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஊறிவிட்டது. அதற்குச் சாட்சி சொல்லத்தான் சின்னப் பிள்ளைகளை நிறுத்துகிறோம். எட்டு வயதுப் பையன் வாசிக்கிறான் பார், உனக்கென்ன கேடு? இது பொய். இந்தப் பொய்க்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. வாசிக்காதவன் தன்னைத் தண்டம் என்று நினைக்கிறான். வாசிக்கிற குழந்தை கண்காட்சிப் பொருளாகிறது.

முதலில் அந்த ‘தானாகக் கற்றவர்கள்’ கதையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் தந்திவாத்தியப் பால மேதை என்றால் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1969ல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். 1978ல், ஒன்பது வயதில், குடிவாடாவில் முதல் கச்சேரி. கர்நாடக சங்கீதத்தில் யாரும் பொருட்படுத்தாத ஒரு மேலைநாட்டுக் கருவியை மேடையின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பா சத்தியநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாசிப்பான். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்தத் தந்தியில் எந்த விரல் என்று குரு காட்டவே இல்லை, காட்டவும் முடியாது. அவர் கொடுத்தது இரண்டு விஷயம்: தன் குரல், தன் காது. பையன் வாசித்ததைக் கேட்டு ‘இது இல்லை, இன்னொரு தடவை’ என்று சொல்ல எதிரே ஒரு ஆள் தினமும் இருந்தார்.

அடுத்து லிடியன் நாதஸ்வரம். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிப் போட்டியில் வென்று பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கிய சென்னைப் பையன். அந்த மேடையில் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டுப் பறத்தலை நிமிடத்துக்கு 208 தாளம் என்ற வேகத்தில் வாசித்து, பிறகு 325க்கு ஏற்றினார். நம் வாட்ஸப் முழுக்க அந்த 325தான் ஓடியது. அப்பா இசையமைப்பாளர் என்பதும், அக்கா புல்லாங்குழல் வாசிப்பவர் என்பதும், ஏ.ஆர். ரஹ்மான் 2008ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் முறையாகப் பியானோ படித்தார் என்பதும் அந்த இரண்டு நிமிடத் துண்டில் இல்லை. லிடியனின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்பைச் சுற்றி ஒரு வீடே நின்றது என்கிறேன். அந்த வீட்டை வெட்டிவிட்டுப் பையனை மட்டும் ஃபார்வர்ட் செய்வது நாம்.

இளையராஜாவையும் ‘கிராமத்திலிருந்து வந்து தானாக ஜெயித்தவர்’ என்று சுருக்குகிறார்கள். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்த வருடங்கள் என்ன கணக்கு? சென்னை வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையைப் படித்தது? லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வு எழுதியது? 1976ல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பு இவ்வளவு பேர் அவருக்குக் காது கொடுத்திருக்கிறார்கள்.

சரி, இணையத்திலிருந்தே ஒரு உதாரணம். 2005ல் ஒரு பையன் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பாக்கெல்பெல்லின் கேனனை ராக் வடிவில் வாசித்தான். யூடியூபின் ஆரம்பகால அதிசயங்களில் ஒன்று அது. தைவானின் ஜெர்ரிசி செய்த வடிவம். வாசித்தது யாரென்று 2006ல்தான் வெளியே வந்தது: லிம் ஜியோங்-ஹியுன், தென்கொரியர், 23 வயது. அவர் அந்த வீடியோவைப் போட்டது மற்றவர்கள் கேட்டுக் குறை சொல்லட்டும் என்று. புகழுக்காக என்றால் முகத்தையாவது காட்டியிருப்பார். இணையம் அப்போது ஒரு காதாக இருந்தது. இப்போது அது வெறும் கண்.

இனி என் தப்பு.

என் அக்கா பையனுக்குப் பத்து வயதில் என் பழைய கிட்டாரைக் கொடுத்தேன். பையனுக்குக் கை அப்படி ஓடியது. எனக்கு ஒரு வருடம் பிடித்த எஃப் பாரே கார்டு அவனுக்கு மூன்றே வாரம். அக்கா, “டேய், இவன் உன்ன மாதிரி இல்லடா, நெஜமாவே வாசிக்கிறான்” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வேகமான துண்டைத் தேர்ந்தெடுத்து, மெட்ரோனோமை 100ல் தொடங்கி, வாரம் ஐந்து ஐந்தாக ஏற்றினோம். 170 வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். ஒவ்வொரு டேக்கிலும் எங்கேயோ ஒரு தந்தி அதிரும், அல்லது அவன் முகம் சுளிப்பான். “சிரிச்சிக்கிட்டே வாசிடா” என்று நான்தான் சொன்னேன். முப்பது டேக்குக்கு மேல் போயிற்று. “மாமா, கை வலிக்குது” என்றான். “கடைசியா ஒண்ணு” என்றேன். அதன் பிறகும் ஆறு ஏழு எடுத்தோம்.

வீடியோ நன்றாகவே போனது. சொந்தக்காரர்கள், ஸ்கூல், தெரு எல்லோரும் பார்த்தார்கள். ‘பிறவி மேதை’, ‘கடவுள் கொடுத்த வரம்’ என்று எழுதினார்கள். மணிக்கட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆறு மாதம் பையன் வேறெதையும் வாசிக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அதே துண்டு. பிறகு பள்ளி ஆண்டுவிழா வந்தது. ஒரு பெண் பாட, இன்னொரு பையன் கஹோன் தட்ட, இவன் கிட்டார். நான்கே கார்டு உள்ள மெதுவான பாட்டு. அந்தப் பெண் சரணத்தில் உணர்ச்சியாகக் கொஞ்சம் இழுத்துப் பாடினாள். கஹோன் பையன் அவளோடு சேர்ந்து நின்றான். இவன் நிற்கவில்லை. அவனுக்கு நிற்கத் தெரியாது. மெட்ரோனோம் எப்போது அவனுக்காக நின்றது, அவன் யாருக்காகவாவது நிற்க? பாட்டு பிய்ந்துபோய் முடிந்தது. யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து கிட்டார் பரண்மேல் இருக்கிறது. இரண்டு வருடமாகிறது.

அவனுக்கு நான் கொடுக்கத் தவறியது பாடம் இல்லை. பாடம் கைப்பேசியில் கொட்டிக் கிடந்தது. அவனோடு உட்கார்ந்து, நான் ஒரு கார்டை அடித்தபடி ‘நீ இப்ப என்னைக் கேட்டு வாசி’ என்று ஒரு சாயங்காலம்கூட நான் சொல்லவில்லை. எல்லா நாளும் நான் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன்.

இதைப் படித்ததும் ஒரு கூட்டம் சந்தோஷப்படும். ‘அதுக்குத்தான் குரு வேணும்ங்கிறது’ என்று கிளம்புவார்கள். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் குருகுலத் திண்ணையில் எங்கள் தாத்தாக்களை யாரும் உட்கார வைக்கவில்லை. ஏகலைவன் கதையைச் சொல்லிக் கண்ணீர் விடும் மரபு, அவன் கட்டைவிரலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றும் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் உண்டு. கிட்டார் அந்தப் பட்டியலில் இல்லை. டிரினிட்டி கிரேடு தேர்வுக்குத் தயார் செய்ய வேண்டுமென்றால் பட்டணத்துக்கு வண்டியேற வேண்டும், அதற்குக் காசும் வேண்டும். எங்களுக்குக் கதவைத் திறந்தது இணையம்தான். திறந்த கதவுக்குள் யாருமே இல்லை என்பதுதான் என் புகார். பழைய பூட்டை மறுபடி மாட்டச் சொல்லவில்லை.

தொழிற்சாலைக்காரனுக்கு வரலாற்றில் இரண்டு கிட்டார்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் டோனி ஐயோமி. பர்மிங்ஹாமில் தகடு ஆலையில் வேலை. 17 வயதில், வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் வலதுகையின் இரண்டு விரல்நுனிகள் போயின. இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். கதை முடிந்தது என்று இருந்தபோது ஆலையின் மேலதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு இசைத்தட்டைக் கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928ல் தீவிபத்தில் இடதுகையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்தவர். ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்தி போட்டார். 1970ல் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம். அந்த இசைத்தட்டு கடையில் யாருக்கும் கிடைத்திருக்கும். அதை யாருக்கு, எப்போது தர வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் படியேறி வந்தார்.

இன்னொருவர் வெஸ் மான்ட்கோமரி. ஏறக்குறைய இருபது வயதில்தான் கிட்டாரைத் தீவிரமாக எடுத்தார். சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டே கற்றார், நம் யூடியூப் மாதிரிதான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாகக் கூடாதென்று பிக் இல்லாமல் கட்டைவிரலால் மெதுவாக வாசித்தார், அதுவே அவருடைய தனித்த ஒலியானது. பகலில் தொழிற்சாலை, இரவில் கிளப். இந்தக் கதையை ‘பார், உழைத்தால் முடியும்’ என்று சொல்ல நான் எழுதவில்லை. அவருக்கு இரவில் போய் மற்றவர்களோடு வாசிக்க ஒரு கிளப் இருந்தது, கூடவே வாசிக்கும் சகோதரர்கள் இருந்தார்கள்.

இங்கே என்ன இருக்கிறது? கணக்கைப் போடுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். போக வர இரண்டு மணி நேரம். ஏழு மணி நேரத் தூக்கம். மிச்சம் மூன்று மணி நேரம். அதில் குளியல், சாப்பாடு, வீட்டுவேலை, ரேஷன் கடை. 1948 தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். அன்று இதைத் தொழிலாளர் பிரச்சினை என்று மட்டும் பேசினோம். என்னைக் கேட்டால் அது இசைப் பிரச்சினையும்தான். ஒரு அப்பாவோ மாமாவோ பிள்ளையின் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்கான நேரத்தை எடுத்துவிட்டு, ‘இலவசமாகப் பாடம் இருக்கிறதே’ என்பது என்ன நியாயம்?

எண்ணூரிலிருந்து இங்கே வரை கிட்டார் பிடிக்கத் தெரிந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் சபையில் கற்றிருப்பார்கள். நான் சபைக்காரன் இல்லை, என் வாதம் மதத்தைப் பற்றியும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னச் சபையில்கூட ஒரு கீபோர்டு, ஒரு டிரம் செட், வாராவாரம் பாடுகிற ஐம்பது பேர். பன்னிரண்டு வயதுப் பையன் தப்பாக அடித்தால் பக்கத்து அண்ணன் முழங்கையால் இடிப்பார். பாடுகிற அக்கா இழுத்தால் அவனும் நிற்பான். அவனுக்கு யாரும் மேதை என்று பேர் வைக்கவில்லை. அவன் இல்லையென்றால் அந்த ஞாயிறு பாட்டு கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ அவனைப் பத்து வருடம் வாசிக்க வைக்கிறது.

எங்கள் ஆலையின் பீகார் தொழிலாளிகள் அறையிலும் இதையே பார்த்தேன். ஞாயிறு சாயங்காலம் ஒரு டோலக், சுற்றி எட்டுப் பேர். புதிதாக வந்த பையன் தாளத்தைத் தவறவிட்டால் கிழவர் ஒருவர் கையை நீட்டி நிறுத்துவார். மறுபடி தொடங்குவார்கள். யாரும் கைப்பேசியைத் தூக்கவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில். நாம் கிழிக்காததற்கு அந்த எட்டு வயதுப் பையன் காரணமுமில்லை, சாட்சியுமில்லை. அவன் வீடியோவை இனிமேல் எனக்கு அனுப்ப வேண்டாம். அவன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தெரிந்தால் அதை அனுப்புங்கள். நேரமிருந்தால் உங்கள் தெருவிலேயே ஏதோ ஒரு வீட்டில் கார்டு மாற்ற முடியாமல் தந்தி அதிர வாசிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். போய்க் கேளுங்கள். படம் எடுக்காதீர்கள்.

நான் போன ஞாயிறு அக்கா வீட்டுக்கு என் கிட்டாரோடு போனேன். பரண்மேல் இருப்பதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஹாலில் உட்கார்ந்து ஜி, சி, டி மூன்றையும் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தேன். டி-யில் என் மோதிரவிரல் சரியாக அழுந்தாது, எப்போதும் ஒரு தந்தி செத்துப்போகும். அரை மணி நேரம் கழித்து உள்ளறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“மாமா, டி தப்பா புடிக்கிற.”

“வந்து காட்டுடா” என்றேன்.

அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் போவேன்.